பாவுக்கு ஊற்றிய கஞ்சி

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் என்னைப் பற்றிச் சரியாக விசாரிக்கவில்லை போலிருக்கிறது. நாலு நல்ல வார்த்தை என்னிடம் இருந்திருந்தால் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய நாளில் சொல்லியிருப்பேன். பல்லும் பாதி போன பிறகு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எந்த அகராதி நல்லது, குறிப்பு எப்படி எடுப்பது, பேசுகிறவருக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். நான் எழுதப்போவது ஒரு துரையைப் பற்றி, காஞ்சிபுரத்தில் ஒரு தெருவைப் பற்றி, அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு காலையைப் பற்றி. அதன் பிறகு அதே விஷயத்துக்காக இரண்டு நாள் வாயைத் திறந்தேன். மூடியதும் தப்பு, திறந்ததும் தப்பு. படித்துவிட்டு மனசு கெட்டுப்போனால் என்னைத் திட்டாதீர்கள். எழுதச் சொன்னவர்களைத் திட்டுங்கள்.

அறுபதுகளில் சென்னையில் அமெரிக்கர்களுக்குத் தமிழ் பேசிக் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் நான் கடைக்குட்டி. சொந்த ஊர் தாமல். காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெரிய ஏரி இருக்கிற ஊர். எங்கள் வீட்டில் எல்லோரும் ஏரியை நம்பிப் பயிர் வைத்தவர்கள். நான் ஒருவன்தான் இங்கிலீஷை நம்பிப் பட்டணம் போனவன். வேலையில் சேர்ந்த அன்று எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் என்னை எதிரில் உட்காரவைத்து இரண்டே விதி சொன்னார். "அவங்க சொன்னதைச் சொல்லு, சொல்லாததைச் சொல்லாதே. வாயைத் திறந்து சொல்றது துரைக்கு. உன் காதோட சொல்றது உனக்கு. அதை உன்னோட வெச்சுக்கோ." அவ்வளவுதான் பாடம். பிறகு காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்த விதிக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர், தன் ஊர்க்காரர்கள் பேசும்போது அவர்கள் சொல்லாத இரண்டு வார்த்தையைத் தானாகச் சேர்த்துச் சொல்லிவிட்டார். அது தெரியவந்து, அன்று மாலையே மேசையைக் காலி செய்துகொண்டு போனார். அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு தரம் இதை எனக்குச் சொன்னார்கள். நான் நன்றாகவே பயந்தேன். பயத்துக்கு நாளாக ஆக வேறு பெயர் வைத்துக்கொண்டேன். நான் யார் பக்கமும் சாயாதவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி துரை. அவர் பெயரை எழுத மாட்டேன். பின்னாளில் அவர் நாட்டில் பெரிய பெரிய ஆட்கள் அவர் யோசனையைக் கேட்டு முடிவெடுத்தார்கள். நான் பார்த்தபோது அவரும் அமெரிக்க உணவு உதவியைக் கவனித்துக்கொண்டிருந்த சின்ன அதிகாரிதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வெயில் பட்டால் முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிடும். தன் தண்ணீரைத் தானே தூக்கி வருவார். யாரையும் காக்க வைக்க மாட்டார். யார் பெயரையும் ஒரு தரம் கேட்டால் போதும், மறக்கவே மாட்டார். எங்கள் டிரைவரின் ஐந்து பிள்ளைகளையும் பெயர் சொல்லி விசாரிப்பார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கிடங்கு. கடலோரத்தில் ஓர் ஊருக்கு அனுப்பிய கோதுமை மூட்டை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று காகிதம் சொன்னது. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. துரை காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக மூட்டைகளுக்குள் போனார். மேல் வரிசையை விட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். வெளியே வந்தது உமி. அன்று திரும்பும்போது வண்டியில் என்னிடம் சொன்னார்: "காகிதம் பொய் சொல்லும், மனிதர்கள் பொய் சொல்வார்கள். என் கண் மட்டும் எனக்குப் பொய் சொன்னதில்லை." நான் அதை அப்படியே நம்பினேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கெட்டிக்காரர்கள் சொல்வதெல்லாம் எனக்கு வேதம்.

அடுத்த வருஷம் மழை இல்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன் கடை வாசலில் விடிவதற்கு முன்னால் கல்லை வைத்து இடம் பிடித்தார்கள். எங்கள் தாமல் ஏரியில் ஆடு மேய்ந்தது. குழந்தைகளுக்கு மத்தியானம் கோதுமைக் கஞ்சியும் பால்மாவும் கொடுக்கிற கூடம் ஒன்றைத் திறக்கத் துரையிடம் சரக்கு இருந்தது. ஓர் ஊருக்குத்தான் போதும். அவர் மேசையில் இரண்டு விண்ணப்பம். ஒன்று கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து. மற்றொன்று காஞ்சிபுரம் நெசவாளர் தெருக்களிலிருந்து. வழக்கம்போல, பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன் என்றார்.

ஏற்பாடு செய்ய இரண்டு நாள் முன்னதாகவே நான் காஞ்சிபுரம் போனேன். துரை பார்க்கப்போகிற தெருவுக்கு ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளர்தான் பேசுகிற ஆள். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறைய விபூதி, விரல் நுனியெல்லாம் சாயம். அவர் மனைவி சரசு. கையில் இரண்டு வயசுப் பெண் குழந்தை. கால் வலுவில்லாமல் இன்னும் நிற்கப் பழகாத குழந்தை. அந்தக் கூடம் திறந்தால் முதலில் இதுதான் சாப்பிட வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

"தொரைக்கு இன்னா காட்டணும்பா? நீயே சொல்லு," என்றார் ஏகாம்பரம்.

நான் பெரிய அனுபவசாலி மாதிரி சொன்னேன்: "அவருக்குக் கை நீட்டுறவங்களப் பிடிக்காதுண்ணா. அழுது காட்டாதீங்க. நீங்க செய்யற வேலையைக் காட்டுங்க, போதும்."

"அவ்ளோதானே? பாவு ஒண்ணு கஞ்சி போடாம கெடக்குது. அன்னிக்குக் காலைல தெருவுல இழுத்துக் கட்டிக் காட்டிட்றோம். பாக்கட்டும் தொரை."

பட்டுச் சேலையின் நீளவாட்டு நூல்தான் பாவு. அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அரிசிக் கஞ்சி தடவி விறைப்பேற்ற வேண்டும். இல்லாவிட்டால் நெய்யும்போது இழை இழையாக அறுந்துபோகும். பாவு போனால் அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு வேலை இல்லை. அத்தனை நீளத்துக்கு எந்த வீட்டிலும் இடம் கிடையாது. தெருவில்தான் கட்ட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அந்த வருஷம் அரிசி இல்லாததால் மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சித் தடவிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். நூல் அறுந்துகொண்டேதான் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடம் படித்த எவனுக்கும் தெரியும்.

அன்று காலை ஆறரை மணிக்குத் துரையின் வண்டி தெருமுனையில் நின்றது. தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் அரக்குச் சிவப்பில் பாவு கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பெண்கள். வாசலெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. குழந்தை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எலும்பும் தோலுமாக இருந்ததுகளை விருந்தாளி பார்க்கக் கூடாது என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவைத்திருந்தார்கள். எதற்காக அவர் வருகிறாரோ அதையே மறைத்துவைத்திருக்கிறார்கள். எல்லாம் நான் சொல்லிவிட்டுப் போன யோசனையின் அழகு.

நடுத்தெருவில் ஒரு பெரிய பானை. அதில் கிழங்கு மாவு இல்லை. வெள்ளை வெளேரென்று அரிசிக் கஞ்சி. ஏகாம்பரமும் மூன்று பேரும் துணியை அதில் தோய்த்து நூலில் பிழிந்து, கையால் நீவிக்கொண்டே போனார்கள். வழிந்த கஞ்சி மண்ணில் சொட்டியது. துரை நின்றுவிட்டார். அவர் நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கிடங்கு ஞாபகம் வந்தது.

"இது என்ன?" என்று கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன்.

"கஞ்சிங்க. அரிசிக் கஞ்சி," என்றார் ஏகாம்பரம்.

"நல்ல அரிசியா?"

"மொதல் தரம் அரிசிங்க. தொரை பாக்கசொல்ல ஒரு இழை அறுந்துடக் கூடாதுல்ல?" ஏகாம்பரத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"எல்லார் வீட்டிலும் இப்படி அரிசி இருக்கிறதா?"

ஏகாம்பரம் ஒரு கணம் என்னைப் பார்த்தார். வாசலுக்கு வந்திருக்கிற பெரிய மனுஷனிடம், தெருவே கேட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டில் அரிசி இல்லை என்று அந்த மனிதர் சொல்வாரா? பெற்ற பெண்ணுக்காகக்கூடச் சொல்ல மாட்டார். "இருக்குதுங்க," என்றார். "உங்க புண்ணியத்துல இருக்குதுங்க."

நான் மொழிபெயர்த்தேன். துரை தலையாட்டிவிட்டு இரண்டடி முன்னால் நகர்ந்தார்.

அப்போதுதான் சரசு வாசற்படியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து, புருஷன் காதில் விழாதபடி முணுமுணுத்தாள். "தம்பி, அவரு ரோசத்துல சொல்றாருப்பா. இது வூட்டுக்கு ஒரு பிடின்னு தெரு பூரா வாங்கிப் போட்ட அரிசி. இன்னிக்கு யார் வூட்லயும் அடுப்பு எரியல. எம் பொண்ணு உள்ள சுருண்டு கெடக்குது. நீ சொல்லுப்பா தொரையாண்ட. நீ நம்ம பக்கத்துப் புள்ள தானே."

இங்கேதான் நீங்கள் நிறுத்தி யோசிக்க வேண்டும். எனக்குக் கிடைத்த நேரம் நாலு மூச்சு விடுகிற நேரம். அவள் சொன்னது வாயைத் திறந்து சொன்னதா, காதோடு சொன்னதா? காதோடு சொன்னது. அப்படியானால் விதிப்படி அது எனக்கு. இன்னொன்றும் இருந்தது. "நீ நம்ம பக்கத்துப் புள்ள" என்று அவள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. எனக்கு முன்னால் இருந்தவர் இதற்குத்தானே வீட்டுக்குப் போனார்? என் ஊருக்காக நான் பரிந்து பேசினேன் என்று நாளைக்கு யாராவது சொன்னால்?

நான் தலையை லேசாக அசைத்தேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

இதற்கு மேலும் எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அங்கிருந்து வேறொரு வேலையாக வண்டி வேலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தாமலைத் தாண்டும்போது துரை வறண்ட ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீ இந்தப் பகுதிக்காரன் அல்லவா? இன்று நான் பார்த்ததைப் பற்றி நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

அவராகவே கேட்டார். விதியையே அவர் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொழிபெயர்ப்பாளன் கருத்துச் சொல்லக் கூடாது, ஐயா."

துரை சிரித்து என் தோளில் தட்டினார். "அதனால்தான் உன்னை எனக்குப் பிடிக்கிறது," என்றார். எங்கள் நிலம் இருக்கிற பக்கத்தை வண்டி கடந்தது. எனக்கு அன்று பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்தது என்பதை நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

சரக்கு கடலோரக் கிராமத்துக்குப் போனது. அங்கேயும் பசித்த குழந்தைகள்தான். அவர்கள் தின்றதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துரையின் அறிக்கையில் காஞ்சிபுரம் என்ற பெயருக்கு எதிரே, நூலுக்கு ஊற்றுகிற அளவுக்கு இங்கே அரிசி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி இருந்தது. சென்னையிலிருந்து டெல்லி வரைக்கும் அந்த வரியைப் பாராட்டினார்களாம். ஊரெல்லாம் அழுகிற நேரத்தில் ஏமாறாமல் பார்க்கத் தெரிந்தவர் என்று பெயர் வந்தது. அவருக்கு டெல்லிக்கு மாற்றல் ஆனது. அங்கிருந்து அவர் நாட்டுக்கு, அங்கே மேலே, இன்னும் மேலே போனார்.

மூன்று மாதம் கழித்து என் சொந்த வேலையாகக் காஞ்சிபுரம் போனேன். பஸ் நிலையத்திலிருந்து அந்தத் தெரு வழியாகப் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கால் போனது. சரசு வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கையில் குழந்தை இல்லை. கேட்கக்கூட இல்லை நான், அவளே சொன்னாள். அம்மை போட்டிருந்ததாம். தெருவில் ஏழெட்டுக் குழந்தைகளுக்குப் போட்டு, உடம்பில் தெம்பு இருந்தவை எழுந்துகொண்டன. அவளுடையது எழவில்லை.

கூடம் திறந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா? டாக்டர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இருக்கலாம் என்கிறார்கள், இல்லாமலும் போகலாம் என்கிறார்கள். இத்தனை வருஷமாக அந்த இரண்டுக்கும் நடுவில்தான் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

"அவரு தான் வேற எதுவும் பேசறதே இல்ல தம்பி," என்று உள்ளே காட்டினாள். தறிச் சத்தம் கேட்டது. "நான்தானே இருக்குதுன்னு சொன்னேன், நான்தானே சொன்னேன்னு அதையே சொல்லிக்கினு இருக்காரு." பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீ தொரையாண்ட சொன்னியாப்பா?"

உள்ளே தறி நின்றது. ஏகாம்பரமும் கேட்கிறார் என்று தெரிந்தது.

"சொன்னேன்க்கா," என்றேன். "அவரு கேக்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னியே, அது போதும்," என்றாள். கொஞ்ச நேரத்தில் தறி மறுபடியும் ஓடியது. என் பொய்யால் ஏகாம்பரத்தின் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். யாராவது இதைப் படித்துவிட்டு, நல்ல மனசுடன் சொன்ன பொய் என்று எனக்குச் சமாதானம் சொல்லப் பார்த்தால் வேண்டாம். அவர் பாரத்தை நினைத்து நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வைக்குப் பயந்து சொன்னேன்.

பத்து வருஷம் ஓடிவிட்டது. எழுபதுகளின் நடுவில் துரை மறுபடியும் வந்தார், இந்த முறை ராஜதந்திரி என்று பத்திரிகைகள் எழுதுகிற ஆளாக. முன்னும் பின்னும் வண்டிகள். எந்த ஊருக்கு எவ்வளவு தானியம், எந்த நாட்டுக்கு எவ்வளவு உதவி என்று தீர்மானிக்கிற சபைகளில் இருந்தவர். அத்தனை பெரிய ஆள் வந்து இறங்கியதும், என் பெயரைச் சொல்லி, மொழிபெயர்க்க அவன்தான் வேண்டும் என்று கேட்டார். காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டார்.

நெசவாளர் சங்கத்துக் கூடத்தில் கூட்டம். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் சரசு உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு பக்கம் நரைத்திருந்தது. ஏகாம்பரம் தூணோரம் நின்றார். மாலை மரியாதை முடிந்து துரை பேச எழுந்தார். நான் மைக்குக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பத்து வருஷத்துக்கு முன்னால், பஞ்ச காலத்தில் இந்த ஊருக்கு வந்தேன்," என்று ஆரம்பித்தார். சொன்னேன். "உணவு வேண்டும் என்று உங்கள் விண்ணப்பம் என் மேசையில் இருந்தது. வந்து பார்த்தால், நீங்கள் நூலுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். தட்டுப்பாடு இல்லை என்று என் கண் எனக்குச் சொன்னது. காகிதத்தை விடக் கண்ணை நம்பு என்பதை நான் இங்கேதான் உறுதியாகக் கற்றேன். என் நாட்டில் எத்தனையோ மன்றங்களில் இந்தத் தெருவின் கதையைச் சொல்லியிருக்கிறேன். நான் எடுத்த பெரிய முடிவுகளுக்கெல்லாம் பின்னால் இந்தத் தெரு இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். எத்தனையோ மன்றங்களில் என்றாரே! நான் அந்தக் காலையில் விழுங்கிய நாலு வாக்கியம் இந்தத் தெருவோடு நிற்கவில்லை. எந்தெந்த ஊரில், எந்தெந்த மொழி பேசுகிற வீட்டில் போய் நின்றதோ, யாருக்குத் தெரியும்?

கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னதைச் சொன்னால், துரைக்கு எதுவுமே தெரியாது என்பது சரசுவுக்குத் தெரிந்துவிடும். நான் சொல்லவே இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

அன்றைக்கு ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன் என்று நின்றவன் இன்றைக்கு என்ன செய்தேன் என்று கேளுங்கள். நான் மைக்கில் சொன்னது இது: "பஞ்ச காலத்தில் இந்தத் தெருவுக்கு வந்தேன். உங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அன்றே எனக்குச் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது என் தப்பு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. ஏகாம்பரம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேடையில் இங்கிலீஷ் தெரிந்த அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு, சமயோசிதமாகச் சமாளித்தாய் என்பது போலத் தலையாட்டினார். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. "கதை அவர்களுக்கும் பிடித்திருக்கிறது," என்று என் காதில் சொன்னார்.

என் வேலை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். இந்தத் தொழிலில் உங்களை யாராவது அதிகமாகப் பாராட்டினால் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துப் பாருங்கள். காதோடு சொல்வதற்கு விதி எழுதியவர்களுக்கு, உரக்கச் சொல்ல முடியாதவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் பழியை விதியின் மேல் போட எனக்கு உரிமை கிடையாது.

துரை வண்டியில் ஏறப்போகும்போது சரசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இந்த முறை என் காதுக்கு வரவில்லை. துரையின் முகத்தைப் பார்த்து, எல்லோரும் கேட்க, வாயைத் திறந்து பேசினாள்.

"எம் பொண்ணு பேரு குப்புங்க. முன்னாடி ஒண்ணு தங்கலன்னு அப்படிப் பேரு வெச்சோம். நீங்க வந்த அன்னிக்கு உள்ளதான் படுத்துக்கினு இருந்துச்சு. நீங்க ஒத்துக்கினீங்களே, உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல. அவ பேர மட்டும் மனசுல வெச்சுக்கங்க, அது போதும்."

"என்ன சொல்கிறார்?" என்று துரை கேட்டார்.

ஒரு தரம் கேட்ட பெயரை மறக்காத மனிதர் அவர். மூன்று எழுத்துச் சொன்னால் போதும், சாகிற வரைக்கும் வைத்திருப்பார். ஆனால் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார், யார் என்று சொன்னால் என்ன ஆயிற்று என்று கேட்பார், அந்தக் கேள்விகளின் கடைசியில் நான் நிற்பேன்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறார்," என்றேன்.

துரை அவள் கையைப் பிடித்து, "நான்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்," என்றார். அதைச் சரியாகச் சொன்னேன். வண்டி புறப்பட்டுப் போனது. புழுதி அடங்கும் வரைக்கும் சரசு என் பக்கத்தில் நின்றாள்.

"பேரச் சொன்னியா தம்பி?"

"சொன்னேன்க்கா."

துரை போன வருஷம் இறந்துவிட்டார். பேப்பரில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். உங்களுக்காக நாலு நல்ல வார்த்தை கேட்டார்கள். அவரிடம் சொல்லாத ஒரு வார்த்தைதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. குப்பு. ரெண்டு வயசு.